எர்த் கம்பியில் கை வைக்காதீர்கள்

கையால் கட்டிய ஸ்டீரியோ அம்பிளிபையர் ஒன்று வருடக்கணக்காகக் குறையில்லாமல் பாடிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில், உள்ளேயே அம்பிளிபையர் பூட்டிய சப்வூபர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து வயரைக் குத்தியதும் அடிவயிற்றில் ஒரு இரைச்சல் தொடங்கிவிடும். அரியாலையில் கேட்டாலும் நல்லூரில் கேட்டாலும் இதற்கு ஒரே மருந்துதான் கிடைக்கிறது: "பிளக்கிலை எர்த்தைக் கழட்டி விடும், இரைச்சல் நிண்டிடும்." பல வேளைகளில் நிற்கத்தான் செய்யும். ஆனாலும் நம் தொழிலைச் சேர்ந்த எவரும் இனி இந்த மருந்தைச் சொல்லக்கூடாது என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஐந்து அங்குல ஸ்பீக்கர் 50 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய ஊமை. சப்வூபரோ 30 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையான ஒலிக்காகவே செய்யப்பட்டது. நமது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும், ரெக்டிபயருக்குப் பின்னால் மிஞ்சும் 100 ஹேர்ட்ஸும் அந்த எல்லைக்குள்ளேயே விழுகின்றன. ஆகவே அம்பிளிபையருக்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்த குறை இப்போதுதான் காதுக்கு எட்டுகிறது. இரண்டு பெட்டிகளுக்கும் மூன்று கவர் பிளக் இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சுவரிலுள்ள எர்த் வழியாக ஒரு தொடர்பு, சிக்னல் வயரின் வலை வழியாக இன்னொரு தொடர்பு என இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் சிக்னலோடு கலந்துவிடுகிறது.

எந்தக் குறை என்று பிரித்தறிய மீற்றர் தேவையில்லை. சிக்னல் வயரைக் கழற்றிவிட்டுச் சப்வூபரை மட்டும் போடுங்கள். அது அமைதியாக இருக்க வேண்டும். பிறகு அம்பிளிபையரின் பிளக் சுவரில் இல்லாத நிலையில் சிக்னல் வயரைக் குத்துங்கள். அப்போதும் அமைதி என்றால் பிளக்கைச் சுவரில் செருகுங்கள், ஆனால் சுவிச்சைப் போடாதீர்கள். சுவிச் எர்த்தைத் துண்டிப்பதில்லை. ஆகவே அந்தக் கணத்திலேயே இரைச்சல் வந்தால் அது எர்த் வளையம். சுவிச்சைப் போட்ட பிறகே வந்தால் குறை பெட்டிக்குள் இருக்கிறது: ட்ரான்ஸ்போமர் உள்ளீட்டு வயருக்கு மிக அருகில் இருக்கலாம், வடிகட்டும் கொள்ளளவி வறண்டிருக்கலாம், கிரவுண்ட் வயர்கள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் இருக்கலாம். இந்த இரண்டாவது வகைக்கு எர்த்தை வெட்டினாலும் பயன் கிடையாது.

நமது மண்ணைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். இலங்கையில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனியாக எர்த் கம்பி அடிக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண் மெல்லியது, கீழே சுண்ணாம்புப் பாறை. அரியாலை கிழக்கில் கடல்நீரேரிப் பக்கமாகப் போனால் மணல். கோடையில் மேல்மண் காயும்போது எர்த் கம்பியின் தடை ஏறிவிடும். அது 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ட்ரான்ஸ்போமரின் காப்பு உடைந்து 230 வோல்ற் பெட்டியின் தகட்டில் ஏறினால் நிலத்துக்குப் போகும் மின்னோட்டம் 2.3 அம்பியர்தான். 13 அம்பியர் பியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. காப்பாற்றக்கூடியது 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச் ஒன்றே. எர்த் தடை 1000 ஓமாக இருந்தாலும் தகட்டில் 30 வோல்ற் ஏறுமுன் அது விழுந்துவிடும். ஆனால் கசிவு ஓடுவதற்கு எர்த் கம்பி இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டால் தகடு 230 வோல்ற்றில் சத்தமில்லாமல் காத்திருக்கும். கசிவுக்கு வழி கொடுக்கும் முதல் ஆள், அதைத் தொடும் மனிதர்தான். சிக்னல் வயரின் வலை எர்த்தாக வேலை செய்யும் என்று நம்பிச் சிலர் துணிகிறார்கள். மெல்லிய அந்த வலை பிழை மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. வீட்டுப் பிள்ளை ஒருநாள் அதைப் பிடுங்கவும் கூடும்.

"நாங்கள் கஷ்ட காலத்தில் எதை வைத்து என்னவெல்லாம் செய்தோம்" என்ற பெருமையும் இந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்கிறது. அந்தப் பெருமை நியாயமானது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைப்பொருளான பிறகு, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. நான்கு டயோட், ஒரு கொள்ளளவி, ஆறு வோல்ற் டைனமோ. அதில் செய்தி வந்தது. ஆனால் அது இல்லாததை உண்டாக்கிய கெட்டித்தனம், ஆறு வோல்ற்றில் எவருக்கும் ஆபத்தும் இருக்கவில்லை. இருக்கும் பாதுகாப்பை இடுக்கியால் வெட்டுவதை அதன் வாரிசு என்று சொல்ல முடியாது.

சரியான வழி அம்பிளிபையருக்குள் இருக்கிறது, செலவும் சிறிது. உலோகப் பெட்டியை எர்த்தோடு நேராக, போல்ட் போட்டு இறுக்குங்கள். சிக்னல் கிரவுண்டைப் பெட்டியில் நேரடியாகக் கட்டாமல் 10 ஓம் தடையி ஒன்றின் வழியாகக் கட்டுங்கள். தடையிக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும், 35 அம்பியர் பிரிட்ஜ் ரெக்டிபயரும் வர வேண்டும். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இரண்டு ஏசி கால்களையும் முனைகளாகப் பயன்படுத்துங்கள். வளையத்தின் சிறு மின்னோட்டத்தை 10 ஓம் அடக்கும். பெரிய பிழை வந்தால் டயோட்கள் திறந்து அதை எர்த்துக்கு அனுப்பும். ஆர்சிஏ சொக்கெட்டுகள் பெட்டியின் தகட்டைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாசர் போட மறந்தால் இந்த வேலை முழுவதும் வீண்.

அடுத்த கேள்வி, சிக்னலை எங்கிருந்து எடுப்பது என்பது. நல்ல இடம் வொல்யூம் கொன்ட்ரோலின் நடுக்கால். ஸ்பீக்கரும் சப்வூபரும் ஒன்றாக ஏறி இறங்கும். ஆனால் இடது, வலது நடுக்கால்களை வை வயரால் நேராக ஒன்று சேர்த்தால் சப்வூபருக்கு மட்டுமன்றி ஸ்பீக்கர்களுக்கும் மோனோதான் போகும். ஸ்டீரியோ செத்துவிட்டதை மாதக்கணக்கில் கவனிக்காதவர்களும் உண்டு. டிஎல் 072 அல்லது என்ஈ 5532 ஒன்றை ஒவ்வொரு பக்கத்துக்கும் பஃபராகப் போட்டு, அவற்றின் வெளியீடுகளை 10 கிலோ ஓம் தடையிகள் வழியாகச் சேருங்கள்.

பெட்டியைத் திறக்க மனமில்லாதவர்களுக்குச் சப்வூபரின் ஸ்பீக்கர் உள்ளீடு இருக்கிறது. அதன் தடை கிலோ ஓம் கணக்கில் இருப்பதால் அம்பிளிபையருக்குச் சுமை ஏறாது. ஸ்பீக்கர் வெளியீட்டை ஆர்சிஏ உள்ளீட்டுக்குள் திணிப்பதுதான் தவறு. 8 ஓமில் 40 வாற் என்றால் ஏறக்குறைய 18 வோல்ற். அந்த உள்ளீடு எதிர்பார்ப்பதோ ஓரிரு வோல்ற். வேறு வழி இல்லையென்றால் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் தடையிகளால் பிரித்துப் பதினொன்றில் ஒரு பங்காக்குங்கள்.

இன்று பலரும் வாங்கிப் பூட்டும் டிபிஏ 3116 போன்ற பலகைகளில் தனிக் கவனம் தேவை. இவை பிரிட்ஜ் முறையில் ஓடுபவை. ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. 24 வோல்ற் சப்ளையில் இரண்டு முனைகளுமே 12 வோல்ற் அளவில் நிற்கும். அந்த மைனஸைச் சப்வூபரின் கறுப்பு முனையில் கட்டினால், எர்த் வழியாகவோ சிக்னல் வயர் வழியாகவோ அரைப் பாலம் நேராக ஷோர்ட் ஆகும். பிளஸ் முனைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 4.7 மைக்ரோபரட் பிலிம் கொள்ளளவி தொடராகப் போட்டு, கறுப்பை அம்பிளிபையரின் கிரவுண்டில் கட்டுங்கள். சிக்னல் பாதியாகும், சப்வூபரின் லெவலைக் கூட்டி அதை ஈடுசெய்யலாம்.

சப்வூபர் வந்த பிறகு சிறிய அம்பிளிபையரை அடியொலியிலிருந்து விடுவிக்கலாம் என்பதை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை. டிடிஏ 2030இன் வழக்கமான சுற்றில் உள்ளீட்டுக் கொள்ளளவி 1 மைக்ரோபரட், தடையி 22 கிலோ ஓம். அது 7 ஹேர்ட்ஸ் வரை கீழே போகும். கொள்ளளவியை மட்டும் 0.1 மைக்ரோபரட்டாக மாற்றினால் வெட்டு 72 ஹேர்ட்ஸுக்கு ஏறும். சில ரூபாய் மாற்றத்தில் 14 வாற் சில்லுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், ஐந்து அங்குலக் கோனும் துள்ளாது. இப்படிச் செய்தால் சப்வூபருக்கான சிக்னலை இந்தக் கொள்ளளவிக்கு முன்னால் எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுத்தால் வெட்டப்பட்ட அடியொலியே அங்கும் போய்ச் சேரும்.

அறையைப் பற்றிச் சுருக்கமாக: பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடிச் சீமெந்து அறையில் 47 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி குமுறும், நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரட்டிப்பாகவே குமுறும். சப்வூபரை நீங்கள் உட்காரும் கதிரையில் வைத்துவிட்டு அறையைச் சுற்றி நடந்து, அடியொலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிறகு சப்வூபரை அங்கே மாற்றுங்கள். கிரொஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள்.

கையால் கட்டும் ஒவ்வொரு அம்பிளிபையரிலும் இனி மூன்று கவர் எர்த், 10 ஓம் தடுப்பு, பஃபருடன் கூடிய சப்வூபர் வெளியீடு ஆகிய மூன்றும் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். பின்னர் துளைபோட்டுச் சேர்ப்பதைவிட முதலிலேயே வைப்பது மலிவு. அடுத்த இதழிலிருந்து எமக்கு வரும் சுற்று வரைபடங்களில், உலோகப் பெட்டி எங்கே எர்த் ஆகிறது என்று காட்டப்படாத எதையும் நாம் வெளியிட மாட்டோம். திருத்த வரும் பெட்டிகளில் எர்த் வெட்டப்பட்டிருந்தால், என்ன குறைக்காக வந்திருந்தாலும் அதை மீண்டும் கட்டிவிட்டே திருப்பிக் கொடுங்கள். அதற்குத் தனிக் கூலி வாங்காதீர்கள்.