பாதிப் பேருக்குத்தானா உலக மரபுரிமை?

ஜப்பானின் நாரா பகுதியில் இருக்கிற ஓமினே மலையைப் பற்றி வாசித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கேல்ல. 1719 மீற்றர் உச்சியில் ஒரு பழைய கோயில். சுகெந்தோ மலைத்துறவிகளின் தலம். 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மனிதகுலம் முழுவதுக்கும் சொந்தமாம். ஆனால் ஏறுபாதையில் ஒரு வாசல் நிற்கிறது: பெண்கள் இதுக்கு மேல் வரக்கூடாது.

ஆயிரம் வருச மரபு, கை வைக்காதேங்கோ என்பார்கள். சரி. ஆனால் பெண்கள் விரும்பியபடி மலையேறி வழிபடலாம் என்று மெய்ஜி அரசு 1872இலேயே ஆணை போட்டிட்டுது. யுனெஸ்கோ அதே தொகுதியில் சேர்த்த கோயா மலையிலும் முந்தி இதே தடைதான். பெண்கள் எல்லையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கென்றே கட்டிய மண்டபம் ஒன்று இன்னும் அங்கே இருக்கு. இப்ப பெண்கள் அதைத் தாண்டி உள்ளே போகினம், கோயில் விடுதிகளில் இரவு தங்கினம். கோயாவின் புனிதம் கரைஞ்சா போச்சு?

பெண்ணைக் கண்டால் துறவியின் தவம் கலையுமாம். கலையிறது அவற்ற மனசு, மறிக்கிறது எங்கட காலை! கோயில்காரர் தங்கட நம்பிக்கையைச் சொல்லுகினம், அதைக்கூட விடுங்கோ. யுனெஸ்கோவுக்கு என்ன வந்தது? பெண்கள் கால் வைக்க முடியாத ஒகினோஷிமாத் தீவையும் 2017இல் பட்டியலில் சேர்த்தார்கள், தடையோடயே.