பிறப்பே சாட்சியா?

நம் நாட்டில் களவு போன நகை யாருடையது என்று தீர விசாரிப்பதற்கு முன்பே, களவாடியவன் இன்ன ஜாதிக்காரன் என்பது மாத்திரம் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துவிடுகிறது. இந்த ஞானதிருஷ்டி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டால், அனுபவம் என்கிறார்கள்.

1993-ம் வருஷம் மார்ச் மாதம், அன்று தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்த முதனை கிராமத்து ராசாக்கண்ணு என்ற குறவர் வகுப்புத் தோழரை, ஒரு திருட்டு விஷயமாகக் கம்மாபுரம் போலீசார் பிடித்தார்கள். அவர் மனைவி பார்வதி அம்மையாரும் உறவினரும்கூட ஸ்டேஷனில் அடிபட்டார்கள். பிறகு, "கைதி தப்பி ஓடிவிட்டான்" என்று சொல்லப்பட்டது. ஓடினவரின் பிணம் மீன்சுருட்டிப் பக்கம் கிடந்தது! குறவர் முதலிய பல வகுப்பாரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்தில் 1947-லேயே ரத்தாயிற்று. சட்டப் புத்தகத்தில்தான் ரத்து. போலீசார் மூளையில் அல்ல.

சிதம்பரத்து நந்தன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிற பக்தர்களை நாம் ஒன்று கேட்கிறோம். நந்தன் செய்த குற்றமென்ன? பிறந்தது. தான் யோக்கியன் என்று ருசுப்படுத்த அவனுக்குக் காட்டப்பட்ட வழியென்ன? நெருப்பு. குற்றம் சாட்டினவன் எதையும் ருசுப்படுத்த வேண்டியதில்லை. சாட்டப்பட்டவனே வெந்து காட்டவேண்டும். கம்மாபுரத்தில் நடந்ததும் இதே விசாரணைதான். நெருப்புக்குப் பதில் லத்தி.

இன்றைய சட்டமோ இதற்கு நேர் விரோதமானது. குற்றத்தை ருசுப்படுத்துவது சர்க்காரின் பொறுப்பு. போலீசாரிடம் கைதி தந்த வாக்குமூலம் செல்லாதென்பது 1872-லிருந்தே சட்டம். ஆனால் அவன் சொல்லைக்கொண்டு ஒரு பொருள் அகப்பட்டால் அந்த அளவுக்கு அது செல்லும் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். "நகையை எங்கேடா வைத்தாய்?" என்ற அடியெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது.

1978-ல் ஒரிசாவின் மாஜி முதல் மந்திரி நந்தினி சத்பதி அம்மையாரின் வழக்கில், தன்னைக் குற்றத்தில் மாட்டிவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கப் போலீஸ் விசாரணையிலேயே உரிமையுண்டென்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. நல்லதுதான். ஆனால் மாஜி மந்திரி வாய் மூடியிருந்தால் உரிமை. முதனைக் குறவர் வாய் மூடியிருந்தால் கல்லுளிமங்கத்தனம்!

ராசாக்கண்ணு அடிபட்ட அதே மார்ச் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஒரிசாவில் காவலிலிருந்த வாலிபன் ரயில் பாதையில் பிணமாய்க் கிடந்தான். "தப்பி ஓடிவிட்டான்" என்றே அங்கும் சொன்னார்கள். தாயார் நீலாவதி பெஹரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரும்படி சர்க்காருக்கு உத்தரவாயிற்று. டில்லியில் தீர்ப்பு, கம்மாபுரத்தில் லத்தி, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை.

அறிமுகம் செய்துவைத்தவர் பார்வதி அம்மையார்தான். கம்யூனிஸ்ட் தோழர்கள் துணை நிற்க, வக்கீல் சந்துரு மூலம், "என் புருஷனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்" என்று சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். எந்தச் சாமியிடமும் முறையிட்டு வந்ததல்ல இந்த நியாயம். அப்படியும் போலீசார் குற்றவாளிகளே என்று ஹைகோர்ட் முடிவு கட்ட 2006 ஆயிற்று. பதின்மூன்று வருஷம்!

"திருடனுக்கு இவ்வளவு சலுகையா? அடிக்காமல் உண்மை வருமா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். அடித்தால் வருவது உண்மையல்ல, அடிப்பவன் விரும்பும் பதில். அது கிடைத்ததும் கேஸ் முடிந்துவிடும். நிஜத் திருடன் நிம்மதியாய்த் தூங்குவான். 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணோம் என்ற புகாரின்மேல் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி போலீசாரின் அடியில் மாண்டாரே, அதனால் நகை வந்ததா?

1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் பதினொரு விதிகள் போட்டது. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி சட்டையில் இருக்கவேண்டும்; கைதான நாளும் நேரமும் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும்; உறவினருக்குச் சொல்லவேண்டும்; நாற்பத்தெட்டு மணிக்கொரு முறை டாக்டர் பார்க்கவேண்டும்; வக்கீலைச் சந்திக்க விடவேண்டும். இவைகளை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவேண்டுமென்பதும் அதே உத்தரவு. உங்களூர் ஸ்டேஷனில் அது எங்கே தொங்குகிறதென்று, யாரையும் பிடித்துப்போகாத ஒரு நாளில், நாலு பேராகப் போய்ப் பார்த்து வாருங்கள்.