தூய இசை என்று ஒன்று உண்டா?

கலையில் கலப்பு கூடாது, மரபின் தூய்மை காக்கப்பட வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் ஓங்கி ஒலிக்கிறது. அக்குரல் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே நாட்டின் 'பிளாக் மெட்டல்' இசை ஓர் எச்சரிக்கை. அதே இசையில் தூய்மைவாதத்துக்கான மறுப்பும் இருக்கிறது என்பதே என் கருத்து.

பிளாக் மெட்டல், ராக் இசையின் மிகக் கடுமையான கிளைகளுள் ஒன்று. சீறும் கிதார், இடைவிடாது அதிரும் டிரம்ஸ், அலறலாக வெளிப்படும் குரல், மத எதிர்ப்புப் பாடல்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். 1990-களின் தொடக்கத்தில் நார்வே இளைஞர்கள் சிலர் அதை ஒரு மூடிய குழுவின் கொள்கையாகவே மாற்றினர். அவர்களிடையே யார் உண்மையானவர், யார் போலி என்ற சச்சரவு ஓயவில்லை. 1992 ஜூனில் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. மேலும் பல தேவாலயங்கள் தீக்கிரையாயின. 1993 ஆகஸ்டில் 'மேஹெம்' குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸைச் சக இசைக்கலைஞர் வர்க் விகர்னெஸ் கொன்றார். அவருக்கு 21 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதை வட ஐரோப்பிய இனத்துக்கே உரிய இசையாகக் கொண்டாடும் நவநாஜிக் குழுக்களும் பின்னர் உருவாயின.

அந்த உரிமைகோரலுக்கு அடிப்படை இல்லை. மேஹெம் 1987-இல் வெளியிட்ட 'டெத்க்ரஷ்' இசைத்தட்டின் முன்னிசையே ஜெர்மனியின் மின்னணு இசைக்கலைஞர் கான்ராட் ஷ்னிட்ஸ்லருடையது. யூரோனிமஸ் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ஆல்பங்களுள் ஒன்று, டோக்கியோவைச் சேர்ந்த 'சை' குழுவின் முதல் ஆல்பம்.

அக்குழு 2001-இல் வெளியிட்ட 'இமாஜினரி சோனிக்ஸ்கேப்' இவ்விவாதத்தில் முக்கியமான ஆல்பம். பிளாக் மெட்டலில் கீபோர்டு புதிதன்று. ஆனால், பெரும்பாலும் அது கிதாருக்குப் பின்னே பனிமூட்டம் போலப் படர்ந்து நிற்கும். குழுவின் பாடகரும் கீபோர்டு கலைஞருமான மிராய் கவாஷிமா அதை முன்னால் கொண்டுவந்தார். ஹேமண்ட் ஆர்கனும் மூக் சின்தசைசரும் 1970-களின் ராக் இசையை நினைவூட்டுகின்றன. எதிர்பாராத இடத்தில் டிஸ்கோ தாளம் புகுகிறது. இவற்றுக்கிடையே அலறலும் கிதாரும் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முதன்முறை கேட்டபோது எனக்குத் திகைப்பே ஏற்பட்டது. மறுபடி கேட்டபோதுதான் ஒழுங்கு புலப்பட்டது.

ஹேமண்ட் ஆர்கனின் வரலாறு இங்கே கவனத்துக்குரியது. 1935-இல் அமெரிக்காவில் அறிமுகமான இம்மின்கருவி, பெரும் பொருட்செலவில் குழல் ஆர்கன் வாங்க இயலாத தேவாலயங்களுக்கு விற்கப்பட்டது. பின்னர் அது ஜாஸ் இசைக்கும் ராக் இசைக்கும் சென்றது. தேவாலயங்களை எரித்தவர்களின் பெயரால் அறியப்பட்ட ஓர் இசை வடிவத்தைப் புதுப்பிக்க, தேவாலயத்துக்கென விற்கப்பட்ட கருவி உதவியிருக்கிறது. எந்தக் கருவியும் யாருடைய தனிச்சொத்தும் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லைகள் இல்லாத கலைக்கு அடையாளம் இராது என்று தூய்மைவாதிகள் கூறலாம். அதில் உண்மை உண்டு. கண்டதையெல்லாம் கலப்பது புதுமை ஆகாது. ஆனால், கவாஷிமா வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் அல்லர். வடிவத்தின் இலக்கணத்தை உள்ளிருந்து கற்று, பிறகு மீறியவர். மரபை அறிந்தவர் செய்யும் கலப்பு அதற்கு ஊறு விளைவிப்பதில்லை.

இனவெறிக் குழுக்களுக்கு மேடை மறுப்பதா, வேண்டாமா என்ற விவாதம் ஐரோப்பிய இசை விழாக்களில் அவ்வப்போது எழுகிறது. மேடை மறுப்பது சில வேளைகளில் தவிர்க்க இயலாததே. ஆயினும், தடை ஒரு நிகழ்ச்சியை மட்டுமே நிறுத்தும். இந்த இசை எங்களுக்கே உரியது என்ற அவர்களது உரிமைகோரலைத் தகர்ப்பவை, வேறு மண்ணில் பிறந்து அதே இசையை வளர்த்த இத்தகைய படைப்புகள்தாம். அவற்றைக் கேட்பதும் பேசுவதும் பரப்புவதும் தடையைவிட நீண்ட காலம் பயன் தரும்.