சொல்லித் தராத விளையாட்டும் புயல் கூண்டும்

'மைன்கிராஃப்ட்' விளையாட்டை நம்மில் பலர் அறிவோம். மரம் வெட்டி, கருவி செய்து, இருட்டுமுன் ஒதுங்க இடம் அமைத்தால்தான் அதில் உயிர் பிழைக்கலாம். ஆனால் 2011இல் அதன் கணினிப் பதிப்பு முழுமையாக வெளிவந்தபோது இதைச் சொல்லித் தருவார் அதில் இல்லை. முதல் இரவிலேயே மாண்டு சலித்தோர் பலர். செய்முறை ஏடு 2017இல்தான் சேர்ந்தது.

விளையாட்டில் மாண்டால் மீண்டும் தொடங்கலாம். நம் கடற்கரையில் அது இயலுமா? 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் அலை விழுங்கியது.

இன்று பாம்பனில் கூண்டு ஏற்றினால் எண்ணைக் கேட்கிறோம், பொருளை அறிவோமா? 1, 2 என்றால் ஆபத்து தொலைவில். 3, 4 துறைமுகத்திற்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றது.

கடலுக்குச் செல்லும் தந்தையர் காற்றைப் பார்த்தே அறிவர். கரையிலிருக்கும் நாமோ? அறிவிப்பது வேறு, கற்பிப்பது வேறு. ஐப்பசி பிறக்குமுன் வகுப்புதோறும் இதைக் கற்பிக்கலாமே! கற்றதை வீட்டில் தம்பி தங்கையருக்கு நாம் சொல்வோம்.