தன்னிறைவுக் கிராமம் எந்த ஊரில் இருந்தது?

அந்தக் காலத்தில் ஊருக்கு வேண்டியதெல்லாம் ஊரிலேயே விளைந்தது. கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் எல்லாரும் உள்ளூரிலேயே இருந்தார்கள். வழக்கு வந்தால் ஆலமரத்தடியில் தீர்ந்தது. பிழைப்புத் தேடி யாரும் எல்லையைத் தாண்டவில்லை. வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் குலைந்தது. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. சொல்பவர்களில் பலர் நல்ல மனம் கொண்டவர்கள். மண்ணும் நீரும் கெட்டுப்போவதைக் கண்டு பதறித்தான் பேசுகிறார்கள். அந்தப் பதற்றம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் கிராமம் வரலாற்றில் இல்லை. அது இருந்தது என்று நம்புவதால் சிலருக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. அதனால்தான் இதை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தச் சித்திரத்தை எழுதிக்கொடுத்தவர் யார்? நம் பாட்டன் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி சார்லஸ் மெட்காஃப். டில்லியில் ரெசிடெண்டாக இருந்த அவர், 1830இல் நிலவரி பற்றி எழுதிய ஒரு குறிப்பில், இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று வர்ணித்தார். தேவையானவை அநேகமாக எல்லாமே அவற்றுக்குள்ளேயே கிடைக்கும். அரச வம்சங்கள் வந்து போனாலும் கிராமம் அப்படியே நிற்கும் என்றார். ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியாக வரி வாங்கும் முறை கிராமச் சமூகத்தைக் குலைத்துவிடும் என்று வாதாடுவதற்காக எழுதப்பட்ட குறிப்பு அது. அதை ஒரு கட்சிக்காரரின் வாதமாகப் படிக்காமல் சரித்திரமாகப் படித்தார்கள். 1853இல் மார்க்ஸ் மாறாத இந்தியக் கிராமத்தைப் பற்றி எழுதினார், 1871இல் சட்ட வரலாற்றாசிரியர் ஹென்றி மெய்ன் எழுதினார். காந்தி 1942இல் கிராமக் குடியரசைப் பற்றி எழுதியது இனி வரவேண்டிய ஒன்றைப் பற்றி. அதைக்கூட முன்பு இருந்த ஒன்றின் சாட்சியாக நம் ஆட்கள் மாற்றிவிட்டார்கள்.

மெட்காஃபின் குறிப்பிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. கொள்ளையும் போரும் வந்தால் ஊரார் சிதறி ஓடுவார்கள். அமைதி திரும்பியதும், சில வேளை ஒரு தலைமுறை கழித்தும்கூட, பிள்ளைகள் திரும்பி வந்து குடியேறுவார்கள் என்கிறார். அசையாத கிராமத்துக்கு ஆதாரம் தேடுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைத்தது என்பதற்கு உப்பு ஒன்றே போதுமான பதில். வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் விளையும் உப்பு இல்லாமல் உள்நாட்டில் ஒரு குடும்பமும் கஞ்சி குடித்திருக்க முடியாது. சங்கப் பாடல்களில் உப்பு வணிகரான உமணர் உப்பேற்றிய வண்டிகளோடு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் வழிகளில் வருகிறார்கள், நெல்லுக்கு உப்பை மாற்றுகிறார்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு சொல்கிறது. மாற்று அச்சு கட்டிக்கொண்டு போகிறவன் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்புகிறவன் அல்ல. நெடுந்தூரம் போவதே தொழிலாகக் கொண்டவன்.

இரும்பும் அப்படித்தான். ஊர்க் கொல்லர் கொழுவை அடித்துக் கொடுத்தார், சரி. அந்த இரும்பை உருக்கியவர்கள் வேறு இடத்துக்காரர்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அப்படி ஓர் உலைக்களம் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. கொல்லரே எல்லா ஊரிலும் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை; ஒரு கொல்லர் நான்கைந்து ஊருக்கு வேலை செய்வது சாதாரணம். துணி, வெற்றிலை, வளையல், உழவு மாடு எல்லாம் சந்தையில் வாங்கியவை. வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் சுமத்ராவில் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். அவர்கள் கொண்டுபோன சரக்கு ஏதோ ஓர் ஊரில் விளைந்து, ஏதோ ஓர் ஊரில் நெய்யப்பட்டுத்தானே கடல் ஏறியிருக்கும்? மைசூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த எம்.என். சீனிவாஸ், ஏ.எம். ஷாவுடன் சேர்ந்து, தன்னிறைவுக் கிராமம் ஒரு கட்டுக்கதை என்று 1960இலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

அடுத்தது கிராம ஜனநாயகம். குடவோலை என்றதும் எல்லாரும் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். போகட்டும், ஆனால் கல்வெட்டை முழுதாகப் படிக்க வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை அவை. ஊரைக் குடும்புகள் என்னும் முப்பது பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதி உண்மையிலேயே மெச்சத்தக்கது. ஆனால் ஓலையில் யார் பெயர் ஏறும்? 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைவாக இருந்தால் வேதப் படிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த விதிகளை வகுத்தபோது அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி கூடவே உட்கார்ந்திருந்தார். அந்த நிலத்தை உழுதவரின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை, பெண்ணின் பெயரும் இல்லை. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. குடத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர் சேரியைப் பற்றியும் பேச வேண்டும். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமக் குடியரசு வாதத்தைச் சாடியபோது மெட்காஃபைப் பெயர் சொல்லியே சாடினார். நோயின் மூலம் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லாரும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்தார்கள் என்பதுதான் இந்தப் பேச்சில் மனத்தை அதிகம் தொடும் பகுதி. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. அறுவடைக் களத்தில் நெல் தூற்றிக் குவித்ததும், அந்தக் குவியல் வீடு போய்ச் சேருமுன் மரக்காலால் அளந்து தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, நீர் பாய்ச்சுகிறவருக்கு, வெட்டியானுக்கு என்று மேரை எனப்படும் பங்கைக் கொடுத்தார்கள். விளைச்சல் பொய்த்தால் எல்லாருக்கும் சேர்ந்து பொய்த்தது. இதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் களத்தில் நின்று பார்க்க வேண்டும். மரக்கால் யார் கையில்? அளக்கும்போது தலை தட்டியா, குவித்தா? யார் முதலில் வாங்கினார், யார் எல்லாரும் போன பிறகு துண்டை விரித்துக்கொண்டு எட்ட நின்றார்? நாற்று நட்டு அறுத்த பண்ணையாளுக்கு என்ன கிடைத்தது? ஆங்கிலேயர் வருமுன்பே நிலமில்லாத உழைப்பாளிச் சாதிகள் இங்கே பெரிய எண்ணிக்கையில் இருந்தன என்பதைப் பொருளாதார வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட நூலில் காட்டினார். காவிரி டெல்டாவில் அவர்கள் நிலத்தோடு கட்டப்பட்டவர்கள். 1843இல் சட்டம் அடிமைமுறைக்கு அங்கீகாரத்தை விலக்கிக்கொண்ட பிறகும் பட்ட கடனாகவும் பண்ணைக்கூலியாகவும் அந்தக் கட்டு நீடித்தது. ஊரைத் தாண்டாமல் இருந்தது அவர்களுடைய விருப்பம் அல்ல.

இனி, யாரும் ஊரை விட்டுப் போகவில்லை என்ற கூற்று. இதற்கு நூலகம் வேண்டாம், அவரவர் குலதெய்வக் கோயில் போதும். தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களைத் தேடிப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். குடியிருப்பது ஓர் ஊர், குலதெய்வம் இருப்பது நாற்பது ஐம்பது மைலுக்கு அப்பால் இன்னோர் ஊர். ஏன்? முன்னோர் அங்கிருந்து வந்தார்கள். போய்வர முடியாதவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் பீடம் எழுப்பினார்கள். அந்தக் கோயில்கள் ஒவ்வொன்றும் ஓர் இடப்பெயர்வின் பதிவு. கரிசல் காட்டின் தெலுங்கு பேசும் குடும்பங்கள் விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்து காடு திருத்தியவை, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அந்த வருகையைத்தான் கதையாக்கியது. வடக்கிலிருந்து வந்த மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர்களை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பெண்களை இந்தக் கூற்று அடியோடு மறந்துவிடுகிறது. மெட்காஃப் அதிகாரம் செலுத்திய அதே டில்லிப் பக்கத்தில், ராம்பூர் என்ற கிராமத்தை 1950களில் மானுடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் ஆராய்ந்தார். சுமார் 150 வீடுகள். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த 266 பெண்கள் சுமார் 200 ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். அந்த ஊர் மகள்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்களையும் சேர்த்தால் நானூற்றுக்கும் மேல். மாமன் மகள், அத்தை மகன் முறை உள்ள நம் பக்கத்தில் வட்டம் சிறியது, ஆனாலும் ஊர் மாறுவது பெண்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இடம்பெயர்ந்தவர்களாகப் பதிவான சுமார் 45 கோடிப் பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் திருமணத்தால் ஊர் மாறிய பெண்கள். எங்கள் குடும்பம் ஏழு தலைமுறையாக இதே மண்ணில் என்று ஒருவர் மார்தட்டும்போது, அந்த ஏழு தலைமுறையிலும் அடுப்பு மூட்டிய பெண்கள் வேறு மண்ணில் பிறந்தவர்கள் என்பதை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விதையும் மருந்தும் பக்குவமும் தாலாட்டும் ஊர்விட்டு ஊர் போனது அவர்களோடுதான்.

வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மான்செஸ்டர் துணி கைத்தறியை வதைத்தது, வரி கசக்கிப் பிழிந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் செத்தபோதும் தானியம் கப்பலேறியது. இவற்றை மன்னிக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கும், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் போனவர்கள் நிம்மதியான குடியரசிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் அல்ல. பின்னால் பசி, பின்னால் பண்ணை, முன்னால் ஆள்பிடிக்கும் கங்காணி. போன இடமும் சொர்க்கம் இல்லை. இலங்கையில் கடன் தொகையை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாது, 1921 வரை அதுதான் நிலை. இத்தனை தெரிந்தும் போனார்கள் என்றால், ஊரில் இருந்த நிலைமையை நாம் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஊர் வயலுக்கு வெளியே கிடைத்த பிழைப்பு எதை மாற்றியது என்பதற்குத் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அனுப்பி ஆராய்ந்த ஊர்களில் ஒன்று அது. அதன் பிறகும் பல முறை, 2008 வரை, ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். பெருநிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், வயலுக்கு வெளியே கிடைத்த வேலை தலித் தொழிலாளர்களுக்குப் பேரம் பேசும் தெம்பைக் கொடுத்ததையும் பதிவு செய்தார்கள். இதைக் கிராமத்தின் அழிவு என்று எழுதுபவர், அந்தத் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதட்டும்.

மரபு விதைகளைக் காக்கவும் ஏரி தூர்வாரவும் இந்தத் தன்னிறைவுக் கதை தேவையில்லை. ஏரி விஷயத்தில் அது கெடுதலே செய்கிறது. நம் ஏரிகள் தொடராக அமைந்தவை; மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. கால்வாய் மூன்று நான்கு ஊர்களின் எல்லைக்குள் ஓடும். எங்கள் ஊர் ஏரி, எங்கள் ஊர் பணம் என்று ஏரிக்குள் மட்டும் மண்ணை வாரிவிட்டு, மேலூரில் கால்வாய் ஆக்கிரமிப்பில் அடைபட்டுக் கிடப்பதைக் கேட்காமல் விட்டால், ஆழமான ஏரியில் நீர் இருக்காது. அந்தக் காலத்திலும் மடை திறப்பதற்கும் கலங்கல் உயரத்துக்கும் ஊருக்கு ஊர் பேசித்தான், சில சமயம் அடித்துக்கொண்டுதான், தண்ணீர் வந்தது.