பலகை போட ஓர் இடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நமது கடற்கரையில் விசைப்படகுகள் கடலில் இறங்குவதில்லை. மீன்கள் இனம் பெருகட்டும் என்று அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. அந்நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வேலையற்ற கைகள் பல. எங்கள் ஊர்த் தேநீர்க்கடை ஒன்றின் பின்புறக் கொட்டகையில் முன்பெல்லாம் ஒரு கேரம் பலகை இருக்கும். படகுக்குப் போகும் அண்ணன்மாரும் பள்ளிப் பிள்ளைகளும் அதைச் சுற்றி ஒன்றாக நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். என் விரலைப் பிடித்து ஸ்டிரைக்கர் அடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓராண்டு அந்தப் பலகையைக் காணோம். “ஏன் அண்ணே எடுத்துட்டீங்க?” என்று கடைக்காரரைக் கேட்டேன். “அந்த இடத்துல பெஞ்சு போட்டா நாலு பேர் உக்காந்து சாப்பிடலாம் தம்பி” என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் பலகையோடு ஆட்டம் மட்டுமா போயிற்று? கூட்டமும் கலைந்தது. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைபேசி என்றாகிவிட்டது. ஓர் ஆட்டத்தை வளர்ப்பவர் ஆடுபவர் மட்டுமல்லர், ஆட இடம் தருபவரும் ஆவார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மேலைநாடுகளில் ‘போர் விளையாட்டு’ என்றொரு பொழுதுபோக்கு உண்டு. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் மலையும் ஆறும் அமைத்து, பகடை உருட்டிப் படை நடத்துவார்கள். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பவர் 1812 இல் தம் மன்னருக்கு இத்தகைய விளையாட்டொன்றைச் செய்து கொடுத்தபோது, அது இழுப்பறைகள் கொண்ட ஒரு மேசையாகவே இருந்தது. அவருடைய மகன் 1824 இல் வகுத்த விதிகளைப் பிரஷ்யப் படையே பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913 இல் இதைப் பொதுமக்களின் விளையாட்டாக்கி நூல் எழுதினார்.

இதற்குத் தேவையான மேசை 6 அடி நீளமும் 4 அடி அகலமும் இருக்கும். எத்தனை வீடுகளில் அதற்கு இடமுண்டு? எனவே பொம்மை விற்கும் கடைகளே மேசையும் போட்டன. 1975 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1978 இல் லண்டனில் முதற்கடையைத் திறந்தது. இன்று பல நாடுகளில் உள்ள அதன் கடைகளில் ஆட்ட மேசைகளைக் காணலாம். மேசை நேரடியாக வருமானம் தருவதில்லை. ஆனால் ஆடுவதைப் பார்த்துத்தான் புதியவன் ஆசைப்படுகிறான். ஆட ஆள் கிடைத்தால்தான் மறுபடியும் வருகிறான். அந்த வணிகர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா? இல்லை. ஆடு புலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாவி வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடி வழியை அடைக்கும். வலிமைக்கும் ஒற்றுமைக்கும் நடக்கும் போர் அல்லவா அது! அந்தக் கோடுகள் பழைய கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் கீறப்பட்டிருப்பதைத் தமிழகத்தின் பல ஊர்களில் காணலாம். வழிப்போக்கனும் ஊர்க்காரனும் எதிரெதிரே அமர மண்டபம் இடம் கொடுத்தது.

சதுரங்கத்திலும் கதை இதுவே. 1972 இல் சென்னையில், அன்றைய சோவியத் பண்பாட்டு மையத்தில், மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன். அங்கே விரைவு ஆட்டத்தில் வென்றவர் பலகையில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நின்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். திறமை அவருடையது, ஐயமில்லை. எனினும் அந்தப் பலகைகளை யாரோ ஒருவர் போட்டு வைத்திருந்தார் என்பதை மறக்கலாமா?

“விளையாட்டு படிப்பைக் கெடுக்கும், சூதாட்டத்தில் கொண்டுபோய் விடும்” என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் பணத்தை விழுங்கிய ஆட்டங்கள் எங்கே நடந்தன? தனியறையில், முகம் தெரியாத எதிரியோடு, கைபேசித் திரையில் நடந்தன. அவற்றைத் தடுக்க 2025 இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற நேர்ந்தது. நாலு பேர் பார்க்க ஆடும் பலகையில் மானம் காக்கும்; ஊரின் கண் காவல் நிற்கும். தோற்றாலும் எதிரில் இருப்பவன் கைகுலுக்கி, “இன்னொரு ஆட்டம் போடுவமா?” என்பான். எந்தத் திரை அப்படிக் கேட்கும்?

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஊர்ப்புற நூலகத்தில் ஒரு மூலை, கல்லூரியில் வகுப்பு முடிந்தபின் ஓர் அறை, மீன்பிடித் தடைக்காலத்தில் வலைக்கூடத்தில் இரண்டு மேசைகள். இவை போதும். 29 அங்குலப் பலகைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர் ஓவியமாக நிற்கிறது. வரலாற்று மாணவர்கள் அதையே ஒரு மேசை விளையாட்டாக அமைக்கலாமே! ஆண்டும் வேந்தர் பெயரும் மனப்பாடத்தில் நிற்காமல் மனத்தில் நிற்கும்.

கடைக்கார அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவர் பல ஆண்டுகள் வாடகையின்றி இடம் கொடுத்தார். அந்தக் கடமை அவர் ஒருவருடையது மட்டுமல்ல. ஊருக்கும் உண்டு, கல்லூரிக்கும் உண்டு. அடுத்த தடைக்காலம் வருமுன் நாம் ஒரு பலகையாவது போடுவோம். சுற்றி நிற்க ஆட்கள் தாமாக வருவார்கள்.