வெயிலை விட்டு எங்கே போவது?

ஓய்வு பெற்றபின் எந்த ஊரில் போய் இருக்கலாம் என்ற பேச்சு, ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினாலே வந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் காற்று நன்றாக இருக்கும், குடிக்க சிறுவாணித் தண்ணீர் என்பார் ஒருவர். பெங்களூருதான், ஃபேன்கூட வேண்டாம் என்பார் இன்னொருவர். தென்காசிச் சாரல், ஏற்காடு, கோத்தகிரி என்று பட்டியல் நீளும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோடை முழுக்க ‘இன்று நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள்’ என்று செய்தியில் வரும் பெயர்கள் அவை.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது. தாகமும் சரியாகத் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மே மாதம் இன்னும் ஆபத்து. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் குறையும். வேலூரிலிருந்து பெங்களூருக்குப் பகல் பேருந்தில் போகிறவர்கள் இதைத் தோலிலேயே உணரலாம். ஆம்பூர், வாணியம்பாடி வரை ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரிப் பக்கம் மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியதும் யாராவது ஒருவர் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிடுவார். அதுவரை விசிறிக்கொண்டிருந்த தினசரி மடிக்குப் போய்விடும். ஓசூர் வருவதற்குள் பாதி வண்டி தூங்கியிருக்கும்.

ஆங்கிலேயர்களையும் இந்த மேட்டுக்கு இழுத்தது இதே காற்றுதான். திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய அவர்களுடைய படை காய்ச்சலில் வாடியது. 1809-ல் படை முகாமையே பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த முகாமை நம்பி சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் போனார்கள்: கட்டட ஒப்பந்தக்காரர்கள், வியாபாரிகள், கொத்தனார்கள், சமையல்காரர்கள். அல்சூர்ப் பக்கம் இன்றும் தமிழ் கேட்பது அதனால்தான். துரைமார்கள் காற்றுக்காகப் போனார்கள், நம்மவர்கள் வேலைக்காகப் போனார்கள். இந்த வித்தியாசம்தான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது.

ஊட்டியின் கதையும் அப்படித்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் அங்கே கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். 1870-லிருந்து ஊட்டி, சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆயிற்று. ஆண்டுதோறும் வெயில் தொடங்கியதும் ஆளுநரும் அதிகாரிகளும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். வரி கட்டியவர்கள் சமவெளியிலேயே இருந்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே மலைக்கு வேறொரு கூட்டம் வந்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ஜூலை மழையில் இடுப்பில் படங்கு கட்டி, அட்டைக்கடியோடு கொழுந்து பறித்த அந்தப் பெண்களிடம் யாரும் எந்தச் சீதோஷ்ணம் பிடிக்கும் என்று கேட்கவில்லை.

மக்கள் குளிரான இடத்தைத் தேடிப் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலோர் கூலியைத் தேடிப் போகிறார்கள், அது வெயிலில் இருந்தால் வெயிலுக்கே போகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்களைப் பாருங்கள். குவைத்தின் மிட்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானது. உலகில் உறுதிசெய்யப்பட்ட மிக அதிக வெப்பநிலைகளில் அது ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த வெயிலுக்குத்தான் நம் பிள்ளைகள் வட்டிக்குப் பணம் வாங்கிப் போகிறார்கள். பாலைத் திணையில் தலைவன் சுரத்தைக் கடப்பதும் பொருள் தேடித்தான். நம் முன்னோர் வெயிலையும் பிரிவையும் ஒரே திணையில் வைத்ததன் நியாயம், விமான நிலைய வாசலில் நின்று பார்த்தால் புரியும்.

போன கோடையில் வேலூரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனியில் வேலை. ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும் நாளில் முதல் இரண்டு குடத்தைக் கூரைமேல் ஊற்றுவாராம். ஊற்றினால் சுரீரென்று ஆவி கிளம்பும். பத்தாவது படிக்கும் பையன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவிளக்கின் கீழ் போய் உட்கார்ந்துவிடுவான், இரவு பதினொன்றுக்குமேல்தான் உள்ளே வருவான். “பெங்களூருல எங்க அண்ணன் இருக்குது. அங்க காத்து நல்லாத்தான் இருக்கும். வாடகை யாரு சார் குடுக்கறது? இன்னா பண்றது, வேலை இங்கதானே இருக்குது” என்றார்.

அவர் சொன்ன வாடகைதான் விஷயம். குளிர்ந்த காற்றுக்கு விலை உண்டு, அது மனையின் விலையோடு சேர்ந்தே வருகிறது. எல்லோரும் அந்தக் காற்றைத் தேடிப் போய்க் குவிந்தால் காற்றும் மிஞ்சுவதில்லை. ஒரு காலத்தில் ஓய்வூதியர்களின் சொர்க்கம் என்று பேர் வாங்கிய பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தது. அந்த ஊரைக் குளிர்வித்த ஏரிகளில் தர்மாம்புதி, மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகிவிட்டது. சம்பங்கி ஏரி, கண்டீரவா விளையாட்டு அரங்கமாகிவிட்டது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் காரைக் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்க வேண்டும் என்றானது. கோயம்புத்தூருக்கும் இதைத்தான் சொல்வேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை யாரும் அடைக்க முடியாது. ஆனால் குளங்களையும் சாலையோரப் புளிய மரங்களையும் இழந்துவிட்டு அந்தக் காற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

குளிரும் ஊருக்கு ஓடுவது நூற்றில் சிலருக்குத்தான் வழி. மற்றவர்கள் இருக்கிற ஊரைக் குளிர்விப்பதுதான் அரசின் வேலை, நம் வேலையும். அகமதாபாத் அதைச் செய்துகாட்டியது. 2010 மே மாத வெப்ப அலையில் அந்த ஊரில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். வெயில் ஏறப்போகிறது என்று முன்கூட்டி எச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பயிற்சி, பகல் முழுக்கத் திறந்திருக்கும் பூங்காக்கள், குடிநீர், பிறகு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. இதில் எதற்கும் பெரிய பணம் தேவைப்படவில்லை. அறைக்கு அறை ஏ.சி. மாட்டுவது இதற்கு ஈடாகாது. அறைக்குள் எடுத்த சூட்டை அது தெருவில் நடப்பவர்மேல் கொட்டுகிறது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்ல அறிவிப்பு. ஆனால் அந்தப் பணம் செத்தபிறகு வருவது. ஷூ கம்பெனி அம்மாவின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க அதில் மிகச் சிறிய பங்கு போதும். அது அவர் உயிரோடு இருக்கும்போது வர வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்குகிறது. அப்போது மரம் நட்டால் அந்த வெயிலுக்கு நிழல் வராது. ஜனவரி 26 அன்று உங்கள் ஊரில் கிராமசபை கூடும். பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்கூரை, பள்ளிக்கூடக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, ஏரிக்கரையில் மரம், வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் குடிநீரும் மதிய ஓய்வும். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவரும் கிராமசபையில் எழுந்து பேசலாம்.